பூமரச் சங்க ஆண்டறிக்கை: பூக்காத மரமும் பொறுக்காத நாமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், கூட்டக் குறிப்புகள் எல்லோருக்கும் முன்பே வந்துவிட்டன, செயற்குழுவிலும் மாற்றம் இல்லை. அதனால் அந்தச் சம்பிரதாயங்களை விட்டுவிட்டு நேரே மரங்களுக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு சங்கத்துக்கு அதிகம் வந்தது ஒரே கேள்விதான்: "மரம் தளதளவென்று நிற்கிறது, ஏன் பூக்கவே மாட்டேன் என்கிறது?" பெரும்பாலும் அந்தத் தளதளப்புதான் காரணம். சரக்கொன்றை, தபேபுயா, குல்மோகர் எல்லாம் மழைக்காலமும் வறண்ட காலமும் தெளிவாகப் பிரிந்திருக்கும் நிலங்களுக்குப் பழகியவை. தண்ணீர் குறைந்து, இலையை உதிர்த்து, மொட்டையாகக் கொஞ்ச நாள் நின்ற பிறகுதான் பூவைக் கொட்டும். நாமோ அடியில் புல்வெளி போட்டு, அதற்குத் தினமும் தெளிப்பான் வைத்து, புல் பச்சையாக இருக்கவேண்டும் என்று தழைச்சத்து உரத்தையும் அள்ளிப் போடுகிறோம். மரத்துக்கு இலை விடத்தான் அழைப்பு வருகிறதே தவிர பூக்க அழைப்பே இல்லை. நன்கு வேர் பிடித்த மரத்துக்கு வறண்ட மாதங்களில் தண்ணீரைக் குறையுங்கள், புல் உரத்தைக் கிளைகளின் நிழலுக்கு வெளியே நிறுத்துங்கள். விதையிலிருந்து வந்த குல்மோகர் என்றால் ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ கூட ஆகலாம், அதற்கு உரக்கடையில் மருந்து இல்லை.

ஜகரண்டா கேட்டவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது தென்னமெரிக்காவில் குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும் பகுதிகளின் மரம். ஆண்டு முழுக்க ஈரமும் புழுக்கமுமாக இருக்கும் தாழ்நிலத்தில் நன்றாக வளரும், ஆனால் ஊதாப்பூ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். படத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் பூமருதை வைத்துக்கொள்வது நல்லது. ஈரத்தைத் தாங்கும், பூவின் நிறமும் கிட்டத்தட்ட அதேதான்.

கவாத்துப் பயிற்சி, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்கும் பயிற்சி, நன்றாக நடந்தது. ஈழத்தலரி கிளை நுனியில்தான் பூக்கொத்து விடும். பூக்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் அழகுபடுத்துகிறேன் என்று நுனியை எல்லாம் வெட்டினால் அந்த ஆண்டுப் பூ அத்தனையும் குப்பையில். புதுக் கன்றுக்காக வெட்டிய போத்தை (கிளைத்துண்டை) உடனே மண்ணில் குத்தாமல், பால் வற்றி வெட்டுவாய் காயும்வரை ஒன்றிரண்டு வாரம் நிழலில் போட்டுவைக்கச் சொன்னோம். இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தால் அது துரு நோய், உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துவதுதான் முதல் வேலை.

விதை நாளில் எல்லோருக்கும் பிடித்தது சரக்கொன்றைக் காய்தான். முழ நீளத்துக்குக் கறுப்புக் குழலாக இருக்கும், குலுக்கினால் உள்ளே சலசலக்கும். உடைத்தால் வரிசையாகச் சின்னச்சின்ன அறைகள், அறைக்கு ஒரு விதை, நடுவில் பிசுபிசுவென்று கறுப்புச் சதை, கையில் ஒட்டினால் லேசில் போகாது. விதையின் தோல் கல் மாதிரி. உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்தால் உப்பிக்கொள்ளும், உப்பியதை மட்டும் விதைக்கலாம். செண்பகத்துக்கு இதற்கு நேர் எதிர்: காயவைத்தால் விதை செத்துவிடும், பழம் வெடித்தவுடன் விதைத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைப்பவர்கள் கவனிக்கவும்.

மரங்களின் பெயர்ப்பலகை விவகாரம் கொஞ்சம் சூடாகவே போனது. 2007இல் தாவரவியலாளர்கள் தபேபுயா பேரினத்தைப் பிரித்தார்கள். மஞ்சள் பூ வகைகளில் பல ஹேண்ட்ரோஆந்தஸ் என்ற பேரினத்துக்குப் போயின, ஆனால் வெள்ளி இலை கொண்ட மஞ்சள் வகை தபேபுயாவிலேயே நின்றுவிட்டது, இளஞ்சிவப்புப் பூ விடும் ரோசியா வகையும் அப்படியே. ஆகவே மஞ்சள் எல்லாவற்றுக்கும் பலகை மாற்ற வேண்டியதில்லை. இலையைப் பார்த்துவிட்டு மாற்றுவோம்.

ஆப்பிரிக்க டூலிப் கன்றுகளை இனிமேல் சங்கம் தராது. பூ அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காகிதம் போன்ற அதன் விதை காற்றில் எங்கெங்கோ போய் முளைக்கிறது, உலகின் மோசமான 100 அந்நியப் படையெடுப்பு உயிரினங்கள் பட்டியலில் அது இருக்கிறது. இந்தத் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, தீர்மானத்தில் மாற்றமும் இல்லை.

கல்யாண முருங்கை வைத்தவர்களுக்குத் தொல்லை தொடர்கிறது. இளந்தளிரும் காம்பும் முண்டுமுண்டாக வீங்கிச் சுருளுகின்றன, வேலையைச் செய்வது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு குளவி. 2004இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள், அதற்குள் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஹவாயில் 2008இல் இதை உண்ணும் இன்னொரு குளவியை விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். நம்மால் முடிந்தது, வீங்கிய தளிர்களை வெட்டி அழிப்பது.

நாகலிங்கத்தை நடைபாதை ஓரத்தில் நடும் யோசனையைச் செயற்குழு நிராகரித்தது. தண்டிலேயே பூத்து, தண்டிலேயே தலையளவு உருண்டைக் காய் தொங்கும் மரம் அது, விழுந்து உடைந்தால் நாற்றம் வேறு. ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள், வாசனைக்குக் காலையில் போய் நில்லுங்கள்.

சரி, அடுத்த ஆண்டு. கன்று வாங்கும்போது பையைக் கிழித்து வேரைப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும். பைக்குள் சுற்றிச்சுற்றிச் சுருண்ட வேரை வெட்டி விடாமல் நட்டால், பெரிய மரமான பிறகு காற்றில் சாய்வது அதுதான். தூரை மண்ணால் புதைக்காதீர்கள், மண்மேல் பரப்பும் சருகு மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. சரக்கொன்றைக் கன்றுகள் கூட்டம் முடிந்ததும் பின்வாசலில் கிடைக்கும். குழி வெட்டி வைத்திருப்பவர்களுக்கு முதலில், மற்றவர்கள் மிச்சம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்