'ஏற்க', 'மறுக்க' ஆகிய இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும்

பணிப்பாய்வு மென்பொருளை (ஒரு கோப்பை ஒப்புதலுக்காக ஒருவர் திரையிலிருந்து அடுத்தவர் திரைக்கு அனுப்பும் கருவியை) வாங்க முடிவெடுக்கும் நிர்வாகக் குழுக்களுக்கும், அதை வடிவமைத்துத் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

வெளியிலிருந்து வரும் பில்களைச் சரிபார்த்துப் பணப்பட்டுவாடாவுக்கு அனுப்பும் மேசையில் பல ஆண்டுகளாக அமர்ந்திருப்பவன் நான். கோப்பு கைமாறிப் போன காலத்திலும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். அதே கோப்பு திரையில் வரிசைகட்டி நிற்கும் இப்போதும் செய்கிறேன். மென்பொருளே வேண்டாம் என்று வாதிட இம்மடலை எழுதவில்லை. ஒரு பில் யாருடைய மேசையில் கிடக்கிறது என்று தேடி மாடி மாடியாக ஏறி இறங்கியவன் என்பதால், அந்தத் தேடலை ஒழித்த கருவியின் அருமை எனக்குத் தெரியும். அதற்குள் எதை ஏற்றுகிறோம் என்பதுதான் என் கவலை.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 48 பெட்டிகளுக்குக் கொள்முதல் ஆணை போயிருந்தது. பில்லும் 48க்கே வந்தது. கிடங்கில் இறங்கியவை 46. தாளில் வேலை நடந்த நாட்களில், கிடங்கு எழுத்தர் சரக்கு வரவுச் சீட்டின் ஓரத்தில் '2 குறைவு, பிறகு வரும்' என்று எழுதிச் சுழித்து அனுப்புவார். நான் 46க்கு மட்டும் கணக்குப் போட்டுப் பணத்துக்கு அனுப்பிவிட்டு, மீதியை நிலுவையில் வைப்பேன். புதிய திரையில் 'ஏற்க', 'மறுக்க' என்று இரண்டே பொத்தான்கள் இருந்தன. மறுத்தால் பில் முதல் படிக்கே திரும்பி, ஏற்கெனவே ஒப்புதல் தந்த ஐந்து பேரிடமும் மறுபடி போய்வர வேண்டும். சில முறை மறுத்துப் பார்த்தோம். சரக்கு தந்தவர்கள் பணத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்ததுதான் மிச்சம். அதன்பின் கிடங்கில் 48ம் வந்ததாகவே பதிந்துவிட்டு, குறைந்த இரண்டை ஒரு நோட்டில் தனியாகக் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். தணிக்கைக்கு வந்தவர் பார்த்த திரையில் பெயர், தேதி, நேரம் எல்லாம் பிசகாமல் பொருந்தியிருந்தன. உண்மை நோட்டில் இருந்தது.

இதில் யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடந்ததை நடந்தபடி பதிய இடமில்லாத படிவத்தை நிரப்பச் சொன்னால், நேர்மையானவரும் பொய்யைத்தான் பதிவார்.

மென்பொருளை அமைக்கும் முன், வேலை எந்தப் படிகளில் போக வேண்டும் என்று வரைந்துகாட்டும் குறியீட்டு முறைக்கு வசதி போதாது என்றும் சொல்ல முடியாது. பணிப்பாய்வுகளை வரையப் பலரும் பயன்படுத்தும் பி.பி.எம்.என். (BPMN) என்ற வரைபடக் குறியீட்டு முறையின் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளிவந்து, 2013இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. பிழை நேர்ந்தால் எந்த வழியில் போவது, கெடு தாண்டினால் என்ன செய்வது, முடிந்த வேலையை எப்படித் திருப்பி எடுப்பது ஆகியவற்றுக்கெல்லாம் அதில் தனித்தனிக் குறிகள் உண்டு. ஆனால் வரைபடத்துக்காக நடக்கும் கூட்டங்களில் 'வழக்கமாக எப்படிப் போகும்?' என்றுதான் கேட்கிறார்கள். பதில் சொல்பவரும் பெரும்பாலும் பிரிவுத் தலைவர். வழக்கம் தவறிய பில் அவர் மேசைவரை வருவதே இல்லை.

அடுத்தது படிகளின் எண்ணிக்கை. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவில், வழங்குநர்களுக்குப் பணம் தரும் பகுதியில் மட்டும் 500க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். கணினியைக் கொண்டு அதில் 20 விழுக்காடு குறைக்கலாம் என்று நினைத்தவர்கள், மஸ்டா நிறுவனத்தில் அதே வேலையை 5 பேர் பார்ப்பதைக் கண்டு திகைத்தார்கள். மஸ்டா சிறிய நிறுவனம் என்பதைக் கணக்கில் எடுத்தும் அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆணை, வரவுச் சீட்டு, பில் மூன்றையும் 14 விவரங்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை வேகப்படுத்தும் எண்ணத்தை ஃபோர்டு கைவிட்டு, பில்லையே விலக்கியது. வந்த சரக்கு கணினியில் உள்ள ஆணையோடு பொருந்தினால் பணம் போய்விடும். ஒப்பிட வேண்டியவை மூன்று விவரங்களாகச் சுருங்கின.

எங்களிடம் நடந்தது நேர்மாறு. ஐந்து கையெழுத்துகள் அப்படியே ஐந்து பொத்தான்களாயின. மூன்றாவது கையெழுத்து எதற்கு என்று கேட்டேன். என்றோ நடந்த ஒரு தவறுக்குப் பிறகு சேர்த்ததாம், என்ன தவறு என்று யாருக்கும் நினைவில்லை. ஆணை தருபவர், சரக்கைப் பெறுபவர், பணம் அனுப்புபவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நான் குறைசொல்லவில்லை. அது மோசடிக்கு எதிரான வேலி. முன்னவர் பார்த்ததையே பின்னவரும் பார்ப்பது வெறும் காத்திருப்பு. ஒரு பில்லுக்கு உண்மையில் தேவைப்படும் உழைப்பு சில நிமிடங்கள்தான்; நாட்களை விழுங்குவது அது வரிசையில் கிடக்கும் நேரம். மென்பொருள் மேசைக்கு மேசை போகும் நேரத்தை மிச்சப்படுத்தும், மேசையில் கிடக்கும் நேரத்தைத் தானாகக் குறைக்காது. நினைவூட்டல்கள் குவிந்தால் மேலாளர் மாலையில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் தருவார். விடுப்பில் போனால் கடவுச்சொல்லை உதவியாளரிடம் கொடுத்துவிட்டுப் போவார். தேதி குறித்துப் பொறுப்பை மாற்றித் தரும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. நிறுவும்போது யாரும் அதை இயக்கிவைப்பதில்லை.

ஆகவே, வரைபடத்தில் கைவைக்கும் முன் கடந்த மூன்று மாதங்களில் திரும்பி வந்த, திருத்தப்பட்ட, பாதியில் நின்ற பில்களை எடுத்து, அவற்றைக் கையாண்ட எழுத்தர்களோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பகுதியளவு ஏற்கவும், காரணம் எழுதி ஒரே ஒரு படி பின்னுக்கு அனுப்பவும் வழி செய்யுங்கள்.

அந்தக் கிடங்கு நோட்டைப் போன்ற ஒன்று உங்கள் அலுவலகத்திலும் ஏதோ ஓர் இழுப்பறையில் இருக்கும். வடிவமைப்புக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவருபவர் மீது எந்த நடவடிக்கையும் இருக்காது என்ற உறுதியை அதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்