ஸாரி எதற்கு, பாப்பா?

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

பாப்பா,

போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் நீயும் நானும் இட்லி, ரத்தக் கவுண்ட், ஆட்டோக் கட்டணம் என்று எதையாவது பேசி வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கடைப் பையன் நாளைக்குச் சென்னை வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு நீயே வைத்துக்கொள். அம்மா கேட்டால் கடைக் கணக்கு என்று சொல், கையால் தொட மாட்டாள்.

வியாழக்கிழமை ராத்திரி நீ அழுதாய். "போதும்ப்பா, இனிமே கீமோ ஊசி வேண்டாம்" என்றாய். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. நீயும் அழுது முடித்துத் தூங்கிப்போனாய். விடிந்ததும் வாட்ஸப்பில் ஒரு மெசேஜ்: "ஸாரிப்பா, நேத்து கொஞ்சம் ஓவரா போயிட்டேன். இப்போ ஓகே." கூடவே பல்லைக் காட்டுகிற பொம்மை ஒன்று. நீ அழுததை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த ஸாரிதான் தொண்டையிலேயே நிற்கிறது.

தம்பி ஒரு தாள் போட்டு வைத்திருக்கிறான், தெரியுமா? தேதி, கவுண்ட், காய்ச்சல், வாந்தி, தூக்கம் எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறான். நேற்று அதை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். ஊசி போட்ட அன்று ராத்திரி, வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டின் புண்ணியத்தில் உனக்குத் தூக்கமே வருவதில்லை. சித்தி வீட்டு மசாலா டப்பாக்களைத் துடைத்து அடுக்குகிறாய், ஆபீஸ் தோழிகளுக்கு நடுராத்திரியில் கதை அனுப்புகிறாய். மாத்திரை நின்றதும் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ படுக்கையோடு படுக்கையாகிவிடுகிறாய், அழுகை வருகிறது, சோறு கசக்கிறது. திங்கட்கிழமை ஊசி என்றால் வியாழக்கிழமை அழுகை. உன் தைரியம் தீர்ந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். தீர்ந்தது மாத்திரை. டாக்டரிடம் கேட்டதில், சட்டென்று ஸ்டீராய்டு இறங்கும்போது பலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார். அதற்கு யாராவது ஸாரி சொல்வார்களா?

நீ இந்த ஐந்து மாதமாகச் சிரித்த சிரிப்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நாள் அந்தச் சிவப்பு மருந்து ஏறும்போது, "அப்பா, ரோஸ் சர்பத் ஏத்துறாங்க, சப்ஜா மட்டும் போடல" என்று படம் எடுத்து அனுப்பினாயே, கடையில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அதைவிட அந்த பஸ் கண்டக்டர் கதை. தலையைப் பார்த்துவிட்டு அவர் பக்தியோடு "திருப்பதியாம்மா, பழனியா?" என்று கேட்டதற்கு நீ "அடையாறுண்ணே" என்று சொன்னாயாம். அம்மா அதைச் சொல்லும்போது சிரிப்பாளா அழுவாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் சிரித்தேன். இதெல்லாம் உன் இயல்பு, சின்ன வயதிலேயே வாய் உனக்கு. அது தானாக வருகிறபோது வரட்டும். வராத அன்றைக்கு, எங்களுக்காக வரவழைக்காதே என்றுதான் சொல்கிறேன்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. போன வாரம் அம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நீ கண்ணாடி முன் நின்று சுடிதார் கழுத்துக் கொக்கியை மாட்டப் பார்த்து, விரல் பிடிக்காமல் நழுவி நழுவி, கடைசியில் அதை அவிழ்த்து வைத்துவிட்டு டீஷர்ட் போட்டுக்கொண்டாயாம். "என்னடி" என்றால் "ஒண்ணுமில்லம்மா, புழுக்கமா இருக்கு" என்று பதில். விரல் மரத்துப்போவது கீமோவில் ஏறுகிற வின்பிளாஸ்டின் மருந்தால் வருவது என்று முதல் நாளே நர்ஸ் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்களே. அதைச் சொன்னால்தானே அடுத்த ஊசிக்கு முன்னால் அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர்கள் பார்க்க முடியும்? மலச்சிக்கலும் அதே மருந்துதான், அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூடவே ஏறுகிற ப்ளியோமைசின் மருந்து நுரையீரலைத் தொடும், வறட்டு இருமலோ மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதோ வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். காய்ச்சல் 100.4 தாண்டினால் நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிதான். "நல்லா இருக்கேன்ப்பா" என்பதை நான் இனிமேல் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தெர்மாமீட்டரில் எவ்வளவு என்று சொல். கொக்கி மாட்ட முடிந்ததா என்று சொல். உன் சந்தோஷத்தைத் தம்பி தாளில் எழுத இடமில்லை.

சரி, ஊர்க் கதைக்கு வருகிறேன்.

மாமா ஒருவர் (யார் என்று உனக்கே தெரியும்) நித்தியகல்யாணி இலையைப் பறித்து மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "அவ்வளவு காசு கொடுத்து ஏத்துற மருந்தே இதுலருந்து எடுக்கிறதுதானாம் மாப்ள, கஷாயம் வெச்சுக் கொடு" என்கிறார். பாதி உண்மை, அதுதான் ஆபத்து. உனக்கு ஏறுகிற வின்பிளாஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். நம் பக்கத்துக் கரிசல் காட்டிலும் ராமநாதபுரம் பக்கமும் அதைப் பயிராகவே போட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். உன் பாட்டி இருந்தவரை, சுடுகாட்டில் முளைக்கிற பூ என்று வாசலில் வைக்கவே விடமாட்டாள். தம்பி தேடிப் படித்துவிட்டு மாமாவிடம் பொறுமையாகச் சொன்னான். 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்று இரண்டு பேர், அது சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் மளமளவென்று இறங்கின. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மருந்தைக் கண்டுபிடித்தார்கள். உனக்குக் கவுண்ட் குறைகிறதே, அதில் அதே மருந்துக்கும் பங்கு உண்டு. நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் கிடைத்தால் பெரிது. உனக்குக் கொடுப்பதோ பத்து மில்லிகிராம் அளவு, அதையும் உயரம் எடை பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். கஷாயத்தில் எவ்வளவு இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? இலை மூட்டை கொல்லையில் கிடக்கிறது. மாமாவுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். முள்ளுச்சீத்தா, கோமியம், பப்பாளி இலை என்று வருகிறவர்கள் எல்லாரையும் இங்கே வாசலிலேயே நிறுத்திக்கொள்கிறேன். உன் போனுக்கு அனுப்பினால் எனக்குத் தள்ளிவிடு, நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அதற்கெல்லாம் நீ உன் தெம்பைச் செலவழிக்காதே.

இன்னொரு தொல்லை, அத்தை. "வெளியில சொல்லாதீங்கண்ணே, கல்யாணம் ஆக வேண்டிய புள்ள" என்று போன் போட்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள், கோபப்படாதே. ஆனால் நான் ஒளிக்கவில்லை. கடைக்கு வருகிறவர் யார் கேட்டாலும் "ஹாட்ஜ்கின் லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய், ரெண்டாம் ஸ்டேஜ், கீமோ ஓடுது, நல்லா கேக்குது" என்று நாலு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதன் பலனை நாம் ஆரம்பத்திலேயே பார்த்தோம். கழுத்தில் கட்டி, ராத்திரி வியர்வை, சாயங்காலக் காய்ச்சல் என்றதும், சதையெடுத்துப் பார்க்காமலே டிபி மாத்திரை எழுதிக் கொடுத்தார் ஒருவர். சொந்தக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நாம் வாயைத் திறக்காததால், வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்ல ஆளில்லை. அடையாறில் பயாப்ஸி எடுத்த பிறகுதான் பெயரே தெரிந்தது. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். வீட்டில் வந்த நோயை அவரும் மூடி மறைத்திருந்தால், 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு அந்த அடையாறு ஆஸ்பத்திரியை யார் ஆரம்பித்திருப்பார்கள்? உன் தலையைத் துணியால் மூடுவதும் மூடாததும் உன்னையும் வெயிலையும் பொறுத்தது, அத்தையைப் பொறுத்தது இல்லை. கல்யாணப் பேச்சு வருகிறபோது, இந்த ஃபைலைப் பார்த்துவிட்டு வருகிறவன் வரட்டும்.

யுவராஜ் சிங் வீடியோ எனக்கும் வருகிறது, பாப்பா. ஒரு நாளைக்கு ஒன்றாவது யாராவது அனுப்பிவிடுகிறார்கள், "உங்க பொண்ணுக்குக் காட்டுங்க" என்று. உனக்கு அனுப்ப மாட்டேன், பயப்படாதே. ஆனால் 2012 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூஸிலாந்தோடு ஆடிய இருபது ஓவர் மேட்ச் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கீமோ முடித்து அவன் திரும்பி வந்து ஆடிய முதல் மேட்ச். தூங்கப் போ என்று அம்மா கத்தக் கத்த நீ என் மடியில் உட்கார்ந்து பார்த்தாய். 26 பந்தில் 34 அடித்தான். நாம் ஒரு ரன்னில் தோற்றோம். நீ தலையணையைத் தூக்கி எறிந்தாய். வீடியோ அனுப்புகிற யாரும் அந்த ஒரு ரன்னைச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. திரும்பி வந்தான், ஆடினான், தோற்றான், அடுத்த மேட்ச்சுக்குப் போனான். இரண்டு சைக்கிளுக்கு, அதாவது நாலு ஊசிக்குப் பிறகு, நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க எடுத்த பெட் ஸ்கேன் நன்றாக வந்ததிலிருந்து, எல்லாரும் உன்னிடம் பெரிய சதம் எதிர்பார்க்கிறார்கள். நீ ஆபீஸுக்குத் திரும்பிப் போய் மேனேஜரைத் திட்டினால் எனக்குப் போதும்.

பன்னிரண்டு ஊசியில் எட்டு முடிந்தது. மீதி நாலு. "இனிமே வேண்டாம்" என்று நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் பினாயில் வாசனையிலேயே குமட்டுகிறது என்றாயே, ஊசி ஏறுவதற்கு முன்பே வருகிற அந்த வாந்திக்குத் தனியாக மாத்திரை உண்டாம், முந்தின ராத்திரியே போட வேண்டுமாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். நீ கேட்க வேண்டாம், நான் கேட்கிறேன்.

ஆமாம், நான் வருகிறேன். அடுத்த ஊசிக்கு முந்தின நாள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான், அவனுக்குக் காலேஜ் லீவுதான். உனக்கும் துணைக்கு வருகிறவருக்கும் ரயில் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல், ஸ்லீப்பரில் உனக்கு டிக்கெட் கட்டணமே கிடையாது. முடித்துவிட்டு ஊருக்கு வரும்போது ஆகும்.

அம்மாவை இரண்டு வாரம் இங்கே அனுப்பப் போகிறேன். அவள் தூங்கிப் பல நாள் ஆகிறது என்று சித்தி சொன்னாள். உன் கையில் மருந்து ஏற்றப் போட்டிருக்கிற குழாய், அந்த பிக் லைன், நனையாமல் பாலிதீன் கட்டிக் குளிக்க வைப்பதைச் சித்தி செய்வாள், டிரெஸ்ஸிங் மாற்ற நான் கூட்டிப்போகிறேன். அம்மா போகமாட்டேன் என்று அடம்பிடிப்பாள், நீ என் பக்கம் பேச வேண்டும்.

கடைப் பையனிடம் ஒரு டப்பா நார்த்தங்காய் கொடுத்திருக்கிறேன், கஞ்சிக்குத் தொட்டுக்கொள். மூன்று கிலோ கடலைமிட்டாய் இருக்கிறது, மேலே தேங்காய்ப்பூ கொஞ்சம் அதிகமாகவே தூவச் சொன்னேன். அது டே கேர் சிஸ்டர்களுக்கு. வாய்ப்புண் ஆறும்வரை நீ அதைக் கடிக்கக் கூடாது, கடித்தால் சித்தி எனக்குப் போன் பண்ணிவிடுவாள்.

சமையல் நான்தான். ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு. அதற்கு மேல் மெனு கேட்காதே.

அப்பா