தம்பிக்கு: செடியை அப்புறம் வெட்டலாம், முதலில் தண்ணீரைப் பார்ப்போம்

அன்புள்ள தம்பி,

கொல்லிமலையில் உண்ணிச்செடி மூடிக் கெட்டுப்போன பழைய நடைபாதையைச் சீராக்கும் வேலைக்குக் கல்லூரியிலிருந்து நாற்பது பேரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கூட்டி வா கண்ணு. ஆனால் எல்லோரையும் ஒரே நாளில் வேண்டாம், அரிவாளோடும் வேண்டாம். முதலில் எட்டுப் பேர் போதும். கடப்பாரை, மம்பட்டி, கொத்து இருக்கட்டும்.

இன்றைக்குக் கொல்லிமலை என்றால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறுகிற பஸ் ரோடுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. ரோடு வருவதற்கு முன்னால் மலைக்காரர்கள் விளைந்ததைத் தலைச்சுமையாகக் கீழே இறக்கியது நம் பாதை மாதிரியான ஒற்றையடித் தடங்களில்தான். ஆள் நடமாட்டம் நின்றதால் பாதை கெட்டது என்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதியைக் கெடுத்தது மழைத்தண்ணி.

சரிவில் போகிற பாதை நடுவில் கொஞ்சம் குழிந்துவிட்டால் போதும், தண்ணி அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். ஐப்பசி மழை நாலு அடித்தால் மேல்மண் போய்ச் சரளை தெரியும். அப்புறம் தண்ணி அறுத்துப் பள்ளமாக வாரி விழும். நடக்கிறவர்கள் வாரியை விட்டு ஓரமாக மிதிப்பார்கள், அந்த ஓரமும் சரியும். செடியை மட்டும் வெட்டி வைத்தால் தண்ணிக்கு நாமே தடத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உங்க அப்பா வயக்காட்டில் மடை திருப்புவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. இங்கேயும் வேலை அதுதான். பாதைக்குக் குறுக்கே, நேராக இல்லாமல் சாய்வாக ஒரு கோடு தோண்டி, அதில் கல்லை வரிசையாகப் பதிக்க வேண்டும். கல்லில் முக்கால்வாசி மண்ணுக்குள் போக வேண்டும். பதித்த கல் மேல் ஏறி நில். துளி ஆடினாலும் பெயர்த்து எடு, அடியில் சில்லுக்கல் போட்டுத் திரும்ப வை. ஆடுகிற கல்லை முதல் மழையே உருட்டிவிடும். வருகிற தண்ணி கல்லில் மோதிப் பள்ளத்துப் பக்கம் திரும்பி வெளியேறும். அந்த வெளிவாயை அகலமாக வெட்டிவிட வேண்டும். அங்கே இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணி கல்லைத் தாண்டி மறுபடியும் பாதைக்கே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருத்தர் மம்பட்டியோடு போய்ப் பார்த்தாக வேண்டும். பாதையும் பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். முழத்துக்கு ஒரு விரல் தாழ்ந்தால் போதும், நடக்கும்போது தெரியவே தெரியாது.

உண்ணிச்செடிக்கு (லாண்டானா) வருகிறேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது, இன்றைக்கு நம் காடுகளை மூடிக் கிடக்கிறது. அரிவாளால் தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு காட்டிக்கொடுத்த வழி எளிமையானது. மண்ணுக்கு அடியில் இரண்டு மூன்று விரல் ஆழத்தில் ஆணிவேரைக் கொத்தால் வெட்டி, செடியை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துபோகும். காய் பழுக்கும் முன்னால் செய்தால் ரொம்ப நல்லது, பழுத்ததைக் கொண்டைக்குருவி தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும். கைக்குத் தடித்த உறை அவசியம், தண்டெல்லாம் முள். இந்த வேலைக்கு உன் நாற்பது பேரும் வேண்டும், ஆனால் கல் வேலை முடிந்த பிறகு.

வளைவுகளில் நேராக ஏறிக் குறுக்குத்தடம் போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் காய்ந்த கட்டையும் முள்ளும் போட்டு அடைத்துவிடுவோம். அடைக்காமல் விட்டால் அடுத்த வாரி அங்கேதான் விழும்.

பழைய தடம் எது என்று நாமாக முடிவு பண்ணக்கூடாது. போன தடவை நாம் கயிறு கட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு மேல் ஊர்ப் பெரியவர் ஒருத்தர், "இங்க இல்லீங்க, அந்தப் பலா மரத்துக்கு அக்கட்டால போச்சு" என்றார். போய்க் கிளறினால் இலைச்சருகுக்கு அடியில் படிக்கல் அப்படியே இருந்தது, ஓரங்கள் மிதிபட்டு மழுங்கி. எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. எத்தனை தலைமுறைக் கால் பட்ட கல்! அவர்கள் ஊர்ப் பாதை அது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றால் இறங்கி நடக்கப்போவதும் அவர்கள்தான். அதனால் எதைத் திறப்பது, எதை விடுவது என்பதை அவர்களைக் கேட்டே செய்வோம்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக்கூடாது. வருகிற எட்டுப் பேரின் பெயரும் ஆதார் நகலும் புதன்கிழமைக்குள் எனக்கு அனுப்பிவிடு. வியாழக்கிழமை ரேஞ்சர் ஆபீசில் கொடுத்தால்தான் ஞாயிற்றுக்கிழமைக்குக் கடிதம் கிடைக்கும்.

அன்புடன்,
அண்ணன்