அந்தச் சுவரில் கை வைக்காதே

அன்புள்ள செந்தில்,

நேற்று வீடியோ காலில் பாத்ரூம் சுவரைக் காட்டி, "லீவில் நானே உடைச்சிடுவேன்மா, சுத்தியல்கூட வாங்கிட்டேன்" என்றாய். பக்கத்தில் மருமகள் இருந்தாள், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

வீடு 1970களில் கட்டியது என்றாயே. ஆஸ்திரேலியாவில் கல்நாரை, அதான் ஆஸ்பெஸ்டாஸை, முழுசாகத் தடை செய்ததே 2003 கடைசியில்தான். பழைய வீட்டுப் பாத்ரூம் சுவர், கார் ஷெட் கூரை எல்லாவற்றிலும் சிமென்டோடு அந்த நார் கலந்திருக்கலாம். சும்மா கிடக்கிற வரை பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், துளை போட்டால்தான் வினை.

அப்பா 1979இல் வேலைக்குச் சேர்ந்தது பாய்லர் பகுதியில். சூடு வெளியே போகாமல் இருக்கக் குழாய்களுக்குக் கல்நார்க் கயிறு சுற்ற வேண்டும். சாயங்காலம் மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரிதான் வருவார். நீ ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாய். அந்தக் காக்கிச் சட்டையைக் கிணற்றடியில் நாலு உதறு உதறிவிட்டுத்தான் நான் கல்லில் அடிப்பேன். அந்தத் தூசி இலவம்பஞ்சு மாதிரி வெயிலில் மினுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கும். மிளகாய்த்தூள் மாதிரி மூக்கில் எரிந்திருந்தால் உதறியிருப்பேனா?

மூச்சோடு உள்ளே போன இழை நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் தங்கிவிடுமாம். முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் நோயாகத் தலைகாட்டும். அப்பாவுக்கு ரிட்டயரானபின் மூச்சு வாங்கியது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தது. கடைசியில் சதை எடுத்துச் சோதித்த டாக்டர்தான், "ஐயா என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அதுவரை ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான். மீசோதீலியோமா என்று எழுதிக் கொடுத்தார், அந்தச் சவ்வில் வருகிற புற்றுநோய். அப்புறம் பதினோரு மாதம்.

பீடிதான் காரணம் என்று உன் அத்தை இன்றைக்கும் சொல்கிறாள். இந்த நோய்க்கும் பீடிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் கல்நார் போன நெஞ்சில் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வர வாய்ப்புப் பல மடங்காம். நீ பின்வாசலில் நின்று பிடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இங்கே கல்நாரை வெளிநாட்டிலிருந்து இறக்கி ஷீட் போட இன்னும் தடையில்லை. நம் மாட்டுக்கொட்டகை மேலே இருப்பதும் அதுதான். போன வாரம் கேபிள்காரப் பையன் அதில் துளை போட வந்தான். விரட்டிவிட்டேன். பாவம், பயந்துவிட்டான்.

உங்கள் ஊரில் இதற்கென்றே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் துண்டு எடுத்துச் சோதிக்கட்டும், இருந்தால் அவர்களே கழற்றட்டும். கொரோனாவுக்கு வாங்கின துணி மாஸ்க் இதற்கு ஆகாது. செலவாகும்தான், நான் கொஞ்சம் அனுப்புகிறேன்.

புருஷன் துணி துவைத்த பெண்களுக்கும் இது வந்திருக்கிறது என்பதால் போன மாதம் நானும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை, பதறாதே. உன் டாக்டரிடமும் ஒருமுறை சொல்லிவை, சின்ன வயதில் அந்தத் தூசியோடு அப்பாவைக் கட்டிக்கொண்டதை.

சுத்தியல் வாங்கின பில் இருக்கிறதா? இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

அம்மா