கடைசிப் பக்கத்து 'நீதி' வேண்டாம்: படக்கதை நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். அங்கன்வாடி மையங்களுக்கும் தொடக்கப் பள்ளி நூலகங்களுக்கும் 'நற்பண்பு வளர்க்கும் படக்கதைகள்' என்ற தலைப்பில் நூல் வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியவற்றை எழுதுகிறோம். படக்கதை எழுதுவது, வரைவது, பாயில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது எங்கள் வேலை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 மையங்கள் இருக்கின்றன. அங்கே வரும் பிள்ளைகளில் பலர் கையில் எடுக்கும் முதல் புத்தகமே நீங்கள் தேர்ந்தெடுத்ததாகத்தான் இருக்கும்.

முதலில் எங்கள் கோரிக்கை: கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு 'நீதி:' என்று ஒரு வரி அச்சிட்ட நூல்களை வாங்காதீர்கள்.

அந்த ஒரு வரி கதை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. டீச்சர் புத்தகத்தை முடித்ததும் "இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" என்று கேட்கிறார். "பொய் சொல்லக் கூடாது டீச்சர்" என்று மொத்த மையமும் ராகம் போட்டுச் சொல்கிறது. அதோடு சரி. அந்தப் பையன் ஏன் பொய் சொன்னான், சொல்லும்போது கையை எங்கே ஒளித்துக்கொண்டான், அக்காவின் முகம் எப்படி மாறியது என்பதெல்லாம் படத்தில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு விதி சுலபமாக மனப்பாடம் ஆகும். அதைத் தன் கையிலிருக்கும் பந்தோடு பொருத்திப் பார்ப்பதுதான் கடினம். "எல்லாருக்கும் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பந்தைப் பிடுங்கும் பிள்ளையைப் பார்க்காத அங்கன்வாடிப் பணியாளர் இருக்க முடியாது.

அடுத்தது தண்டனைக் கதைகள். 2014-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் அவருடைய குழுவினரும் 3 முதல் 7 வயது வரையான பிள்ளைகளிடம் செய்த ஆய்வு வெளியானது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். பலரும் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். பிறகு ஒரு கதை வாசிப்பு, அதற்குப் பிறகு "திரும்பிப் பார்த்தாயா?" என்ற கேள்வி. 'புலி வருது' என்று நாம் சொல்லும் இடையன் கதையை (அங்கே ஓநாய்) கேட்டவர்களும், பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மைக் கதையைக் கேட்டவர்களும், பொய்க்குச் சம்பந்தமே இல்லாத ஆமை முயல் கதையைக் கேட்டவர்களைவிட அதிகமாக உண்மை சொல்லிவிடவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய சிறுவன் வாஷிங்டன் (பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபர்) கதையைக் கேட்டவர்கள்தாம் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அதே கதையைப் பொய்யின் கெட்ட விளைவைக் காட்டும்படி மாற்றியதும் அந்தப் பலன் காணாமல் போயிற்று.

பயமுறுத்தும் கதை சொல்லித் தருவது மாட்டிக்கொள்ளாமல் இருப்பதைத்தான். எனவே ஒரு நூலை மதிப்பிடும்போது பக்கங்களை எண்ணிப் பாருங்கள். 24 பக்கக் கதையில் 20 பக்கம் சேட்டை, வண்ணம், சிரிப்பு. கடைசி ஒரு பக்கத்தில் மட்டும் தலையைக் குனிந்து மன்னிப்பு என்றால், பிள்ளை கற்றுக்கொண்டு போவது அந்த 20 பக்கங்களை. தப்பு 8-ஆம் பக்கத்துக்குள் நடந்துவிட வேண்டும். அதைச் சரிசெய்வதற்கான முயற்சிதான் மீதிக் கதையாக இருக்க வேண்டும்: உடைந்ததை ஒட்டிப் பார்ப்பது, ஒட்டாமல் போவது, போய்ச் சொல்லப் பயப்படுவது, கடைசியில் சொல்வது, சொன்ன பிறகு கிடைக்கும் நிம்மதி.

விலங்குக் கதைகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் வெளியான மற்றொரு கனடா ஆய்வில், பகிர்தலைப் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும் சிலருக்குச் சட்டை போட்ட விலங்குகளோடும் வாசித்தார்கள். மனிதக் கதையைக் கேட்டவர்கள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகப் பகிர்ந்தார்கள். விலங்குக் கதையைக் கேட்டவர்கள் அப்படிப் பகிரவில்லை. நரியையும் யானையையும் விரட்டச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அவை மிகவும் பிடிக்கும். ஆனால் பண்புக்கென்று பத்து நூல் வாங்கினால் ஆறேழாவது மனிதப் பிள்ளைகளின் கதையாக இருக்கட்டும். அந்தப் பிள்ளை ஓட்டு வீட்டிலோ லைன் வீட்டிலோ இருக்கட்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கட்டும். வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பதும் பண்புதான்.

பகிர்தல் நூல்களில் எங்களுக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. பங்களா வீட்டுப் பிள்ளை தன் பழைய பொம்மையை ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கும். ஏழைப் பிள்ளை நன்றியோடு சிரிக்கும். இந்த நூல் போய்ச் சேரும் மையத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் பிள்ளையின் இடத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு அது கொடுப்பதைக் கற்றுத்தராது, தங்கள் இடம் எது என்பதைக் கற்றுத்தரும். இல்லாத வீட்டுப் பிள்ளை கொடுக்கிற கதை எத்தனை இருக்கிறது என்று பட்டியலில் தேடிப் பாருங்கள். கூடவே நிறத்தையும் பாருங்கள்: நல்ல பிள்ளை சிவப்பு, முரட்டுப் பிள்ளை கறுப்பு என்று வரைந்திருந்தால், எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

'கீழ்ப்படிதல்' மட்டுமே பண்பு என்று சொல்லும் நூல்களும் வேண்டாம். பெரியவர் எது சொன்னாலும் கேட்க வேண்டும் என்று பழகிய பிள்ளையால், தொடக் கூடாத இடத்தில் ஒருவர் தொடும்போது 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

வயதுக் கணக்கு இது. மூன்று வயதுக்குப் பகிர்தல் என்றால் மாத்தி மாத்தி விளையாடுவது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஐந்து வயதில் தெரியாமல் செய்ததையும் வேண்டுமென்றே செய்ததையும் பிரித்துப் பேச ஆரம்பிக்கலாம். தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்தவன், திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப்போய் ஒன்றை உடைத்தவன், இருவரில் யார் கெட்டவன் என்று சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே கேட்டதும், சிறிய பிள்ளைகள் 15 உடைத்தவனையே காட்டியதும் அவருடைய 1932 நூலில் இருக்கிறது. பால் கொட்டிய கதை ஒன்று இருந்தால் இந்தப் பேச்சை அழகாகத் தொடங்கலாம்.

அச்சு விஷயம் சுருக்கமாக. நடுவில் பின் அடித்த நூல்தான் விரியத் திறக்கும். பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், 16 அல்லது 24 போதும். முதுகில் பசை போட்டு ஒட்டிய நூலில் நடு மடிப்புக்குள் பாத்திரத்தின் முகமே புதைந்துவிடும், இரண்டு மாதத்தில் தாள் தாளாகக் கழன்றும் வரும். பளபளக்கும் தாள் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் மின்னும், 130 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கனமுள்ள, பளபளப்பில்லாத மேட் தாள் கேளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே பின் வேண்டாம், பிடுங்கி வாயில் வைப்பார்கள். மூலை மழுங்கிய அட்டை நூல் கொடுங்கள். இருபது பிள்ளைகளுக்கு ஒன்றாகக் காட்டுவதானால் பக்கம் ஏ3 அளவாவது இருக்க வேண்டும். நூலின் கட்டு விட்டுப்போனால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஒரு கோடை தாண்டினால் மஞ்சளாகி உரியும். முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டினால் நிற்கும்.

நூலைவிட முக்கியம் வாசிப்பு. நூலோடு ஒரு பக்கக் குறிப்பைச் சேர்த்து அனுப்புங்கள். எட்டு முதல் பத்துப் பிள்ளைகள், பத்து நிமிடம், ஒரே நூல் ஒரு வாரம். திங்கள்கிழமை நிறுத்தாமல் முழுக் கதை, கேள்வி கிடையாது. செவ்வாய்க்கிழமை இரண்டே இடத்தில் நிறுத்தி, முகத்தைக் காட்டி, "இவ மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டு, ஐந்து வரை மனதுக்குள் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. புதன்கிழமை, தப்பு நடந்த பக்கத்தோடு மூடிவிட்டு, "இப்ப என்ன பண்ணலாம்?" பிள்ளைகள் "அடிக்கலாம்" என்பார்கள், திருத்த வேண்டாம், "அடிச்சா அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டால் போதும். வியாழக்கிழமை நடித்துப் பார்ப்பது. ஒரே பிள்ளை எப்போதும் 'கெட்டவன்' ஆகக் கூடாது. வகுப்பில் முரடன் என்று பெயர் வாங்கியவனுக்கு மன்னிப்புக் கேட்கும் வேடமும் கொடுக்கக் கூடாது. அது நடிப்பு ஆகாது, தண்டனை ஆகிவிடும். வெள்ளிக்கிழமை நூல் வீட்டுக்குப் போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் படத்தைப் பார்த்துக் கதை சொல்லலாம்; எழுத்தில்லாத படநூல் ஒன்றிரண்டு பட்டியலில் இருந்தால் இன்னும் நல்லது. உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கும் நூல்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். 'நான் செல்ல மாட்டேன்' என்று எந்த மூன்று வயதுப் பிள்ளையும் அழுவதில்லை.

வீட்டுக்கு அனுப்பச் சொல்வது எளிது. இருப்புப் பதிவேடு குறுக்கே நிற்கிறது. கிழிந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் நல்ல நூல்களெல்லாம் பீரோவுக்குள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு நூல் கிழியும் என்று கணக்கு வைத்து, விளக்கம் கேட்காமல் கழித்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள். அந்த ஒரு சுற்றறிக்கை வராதவரை மேலே சொன்ன வெள்ளிக்கிழமை நடக்காது.

ஒப்பந்தப்புள்ளியில் தாளின் கனமும் பக்க எண்ணிக்கையும் விலையும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வாசித்துப் பார்த்தார்களா என்ற வரி இல்லை. அதைச் சேர்க்கலாம். இறுதிப் பட்டியலுக்கு முன் ஒவ்வொரு நூலையும் ஒரு நகர மையம், ஒரு மலைக்கிராம மையம், ஒரு கடலோர மையம் என மூன்று இடங்களில் இரண்டு வாரம் வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் 'இன்னொரு தடவை' என்று கேட்ட நூல் எது, பாதியில் எழுந்து போன பக்கம் எது என்று பணியாளர் குறித்துத் தரட்டும். குழுவிலும் குறைந்தது இரண்டு அங்கன்வாடிப் பணியாளர்கள், வாக்களிக்கும் உரிமையோடு, இருக்க வேண்டும். மாதிரி வாசிப்புக்கான குறிப்புத் தாளைத் தயாரித்துத் தரவும், மூன்று இடங்களுக்கும் வந்து உடன் உட்காரவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
படக்கதை எழுதுவோர், வரைவோர், வாசித்துக் காட்டுவோர்