பையில் பிழைத்த மீன் தொட்டியில் சாவது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் கடல் மீன் வாங்கி, வீட்டில் 60, 100 லிட்டர் தொட்டியில் வளர்க்கிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "கடையில நல்லாத்தான் நீந்துச்சு, வீட்டுக்கு வந்த மூணாம் நாள் போயிடுச்சு" என்பது. மீன் சீக்கு என்று கடைக்காரரைத் திட்டுகிறார்கள். பல நேரங்களில் மீனைக் கொல்வது சீக்கு அல்ல. பையை அவிழ்த்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்த தவறுதான். அதைப் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட விட கரியமில வாயு நீரில் சேர்கிறது. 8.2 இருக்க வேண்டிய பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7-ஐ ஒட்டி இறங்கிவிடும். மீன் வெளியேற்றும் அம்மோனியாவும் அதே நீரில்தான் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அது பெரும்பாலும் அம்மோனியமாக, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். முடிச்சை அவிழ்த்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் மடமடவென்று ஏறும். பிஎச் ஒன்று கூடினால் நச்சு அம்மோனியாவின் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகும். மீன் அதே நீரில்தான் நிற்கிறது. செவுள் வெந்துபோகிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும்.

"ட்யூப் போட்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக உங்கள் தொட்டி நீரைப் பையில் விடுங்கள்" என்று எல்லோரும் சொல்லும் யோசனை இங்கேதான் எமனாகிறது. கடையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்த மீனுக்கு அரை மணி நேரம் சொட்டு விடலாம், கெடுதல் இல்லை. ஆம்னி பஸ் பார்சலில் இரவு முழுக்கப் பயணம் செய்து மதுரைக்கோ கோவைக்கோ வந்த மீனுக்கு அதைச் செய்யவே கூடாது. விளக்கை அணையுங்கள். பையை அவிழ்க்காமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். வெப்பநிலை சமமானதும் அவிழ்த்து, மீனைச் சிறு டப்பாவில் ஏந்தி உடனே தொட்டியில் விடுங்கள். பை நீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போக வேண்டாம்.

சொட்டு விடாவிட்டால் உப்பு வித்தியாசம் என்னாவது என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் உப்புச் செலவைக் குறைக்கவும் பல கடைகளில் நீரின் அடர்த்தியை (நன்னீருக்கு 1.000, உப்பு கூடக் கூட ஏறும்) 1.020 அளவிலேயே வைத்திருப்பார்கள். பவளம் வளர்க்கும் வீட்டுத் தொட்டி 1.025. உப்பு குறைந்த நீரிலிருந்து கூடிய நீருக்குத் திடீரென்று மாறினால் மீனின் உடலிலிருந்து நீர் வெளியேறிவிடும். கூடியதிலிருந்து குறைந்ததற்கு மாறுவதை அது ஓரளவு தாங்கும். ஆகவே மீனை வாங்கப் போகும் முன்பே கடையின் அடர்த்தியைக் கேட்டு, தனிமைத் தொட்டியை, அதாவது புது மீனை முதலில் தனியாக வைக்கும் சிறு தொட்டியை, அதே அளவுக்குக் கலக்கி வையுங்கள். பிறகு ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றலாம். 40 லிட்டர் தொட்டியை 1.020-இலிருந்து 1.025-க்குக் கொண்டுவரச் சுமார் 280 கிராம் உப்பு தேவை. நாளுக்கு 40 கிராம் எடுத்து, தொட்டியிலிருந்து ஒரு ஜக் நீர் மொண்டு அதில் முழுதாகக் கரைத்து, மெதுவாக ஊற்றுங்கள். உப்பை நேரே தொட்டியில் கொட்டாதீர்கள். அளக்க, ஒளி விலகலை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர்தான் நல்லது. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பிவிடும்.

தனிமைத் தொட்டி ஆடம்பரம் அல்ல. 40 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி பைப் துண்டு, இவ்வளவு போதும். மணல் வேண்டாம். ஸ்பாஞ்சை நான்கு வாரம் முன்பே பெரிய தொட்டியில் போட்டு வைத்தால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும். புது ஸ்பாஞ்சோடு தொடங்கினால் மூன்றாம் நாள் அம்மோனியா ஏறும். புது மீன் நான்கு வாரமாவது இதில் இருக்கட்டும்.

ஏன் நான்கு வாரம்? வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனின் மேல் சில நாள் மட்டுமே இருக்கும். பிறகு உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு பெருகி, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து மறுபடி மீனைத் தேடி வரும். புள்ளி மறைந்ததும் "சரியாயிடுச்சு" என்று மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். செம்பு மருந்து நீந்தி வரும் பருவத்தை மட்டும்தான் கொல்லும். செம்பு சல்பேட் என்றால் நீரில் செம்பின் அளவை 0.15 முதல் 0.20 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை, டெஸ்ட் கிட் வைத்து அன்றாடம் அளந்து, இடைவெளி விடாமல் வைத்திருக்க வேண்டும். இறாலும் நத்தையும் பவளமும் உள்ள தொட்டியில் செம்பு ஒரு துளியும் கூடாது. கோமாளி மீனின் தோல் சளிபோல் உரிந்தால் அது வேறு நோய், அதற்குச் செம்பு உதவாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அதற்கு ஃபார்மலின் குளியல்தான் வழி, அதையும் பழகியவர் துணையோடு செய்யுங்கள்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். மே மாதம் மாடி அறையில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடும், 26 அளவில் இருப்பதே நல்லது. கடல் நீர் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஆக்சிஜன் பிடிக்கும், சூடேறினால் இன்னும் குறையும். செவுள் புண்ணான புது மீனுக்கு இது இரட்டை அடி. மேலே சிறு ஃபேன் வைத்தால் ஓரிரு டிகிரி குறையும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகும். நீர்தான் போகும், உப்பு போகாது. கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ நீரைத் தினமும் நிரப்புங்கள். மின்வெட்டுக்குப் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நூறு லிட்டரில் ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு சிறு கோபி மீன், இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஒன்றை விட்டபின் அடுத்ததற்கு மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். பாக்டீரியா புதுக் கழிவுக்கு ஏற்பப் பெருக நேரம் பிடிக்கும். நீல டேங் மீன் 25 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், அதை இதில் அடைப்பது கொடுமை. தொட்டியைப் பழக்க, அதாவது பாக்டீரியாவை வளரவைக்க என்று டேம்சல் மீனை முதலில் விடாதீர்கள். அம்மோனியாவில் அது படும் வதை ஒரு பக்கம் இருக்க, பிழைத்தால் பின்னால் வருகிற மீனையெல்லாம் விரட்டிக் கடிக்கும். கடல் குதிரையும் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளக்கல்லை 'லைவ் ராக்' (தொட்டியில் வைக்கும், நுண்ணுயிர் குடியேறிய கல்) என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியது. கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள், கடையில் உங்கள் கண்ணெதிரே அது தீனி எடுக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பையின் மேல் மார்க்கர் பேனாவால் இரண்டே எண்களை எழுதிக் கொடுங்கள்: உங்கள் தொட்டி நீரின் அடர்த்தி, பையைக் கட்டிய நேரம். சொட்டு விடுவதா, உடனே விடுவதா என்பதை வாங்குகிறவர் அதைப் பார்த்தே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
கடல் மீன் வளர்க்கும் வாசகர்,
பெரம்பூர், சென்னை