சனிக்கிழமை கடற்கரைப் பயணம்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 7.30 மணிக்கு விடுதி வாசலில் கூடுகிறோம். 7.45-க்கு பஸ் கிளம்பிவிடும். சென்ற முறை நின்றதுபோல் இம்முறை யாருக்காகவும் நிற்காது. மாலை 5 மணிக்குத் திரும்புகிறோம்.

1. பாஸ்போர்ட் நகல், மாணவர் அட்டை, காப்பீட்டு அட்டை கட்டாயம்.

2. துண்டு, மாற்றுடை, தண்ணீர். சன்ஸ்கிரீனை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும்; காலையில் பூசியது மாலைவரை தாங்காது.

3. இது நமக்குப் பழக்கமில்லாத கடல். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள்.

4. தனியே எங்கும் போக வேண்டாம்.

வருகிறவர்கள் வியாழன் இரவு 9 மணிக்குள் பெயரையும், நீச்சல் தெரியுமா என்பதையும் எழுதுங்கள். வெறும் கட்டைவிரல் படம் கணக்கில் சேராது.